பாதி வழி பஸ்ஸும் மெக்சிகோ மெட்டும்

போன மாதம் ஏற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். பெயர் மரிசோல். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பெட்டி, ஒரு குடை, ஒரு குட்டி கிட்டார். அவ்வளவுதான் லக்கேஜ்.

பக்கத்து வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. ரிடையர் ஆன பிறகு மாடியை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறார். மற்றபடி அவர் உயிர் முழுக்க சர்ச் பாடகர் குழுவில்தான். மரிசோலின் ஊரும் காபி விளையும் மலையாம். “எங்கள் காபி மலையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உங்களுடையதைப் பார்க்கலாம் என்று வந்தேன்” என்றார். ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே மாதிரி நொண்டியதால் நன்றாகப் புரிந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். “உங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்கள் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு, டிரம்பெட் ஊதிக்கொண்டு, ஹோட்டலில் ஒவ்வொரு மேஜையாக வருவார்களே... நீங்களும் அப்படியா?” என்று கேட்டுவிட்டேன்.

மரிசோல் சிரித்தார். “அதுவும் உண்டு. கல்யாணத்துக்கு அவர்கள் இல்லாமல் முடியாது. ஆனால் எங்கள் நாட்டில் பாட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.”

என்ன வேலை? சேதி சொல்கிற வேலை.

நூறு வருடங்களுக்கு முன்பு அங்கே புரட்சி நடந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எந்த ஊரில் சண்டை, யார் விழுந்தார், யாருடைய நிலம் யாரிடம் போனது — எல்லாம் பாட்டாகவே ஊர் ஊராகப் போயிருக்கிறது. அந்த வகைப் பாட்டுக்கு ‘கொரிதோ’ என்று பெயர். பிறகு எல்லை தாண்டி அமெரிக்கத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள், வேலைநிறுத்தம் செய்தபோதும் இப்படித்தான் பாடினார்களாம். இன்றைக்கும் பெண்கள் ஊர்வலம் போனால் பாட்டும் கூடவே போகிறது.

மரிசோலே ஒருமுறை, ஊர் ஓடைத் தண்ணீரை வேறு பக்கம் யாரோ திருப்பிவிட்டதை எதிர்த்து நடுரோட்டில் உட்கார்ந்து பாடியவர்.

“தண்ணீர் வந்ததா?”

“முதலில் தொண்டை கட்டியது. அப்புறம் தண்ணீர் வந்தது.”

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரப் பத்தியில் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டு ஹாலில் பாடகர் குழுவுக்குப் பிராக்டிஸ். பெரும்பாலும் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள். நடுப்பாட்டில் செல்வியும் பிலோமினாவும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். பிலோமினாவின் வலது கையில் மாவுக்கட்டு.

“ஏன் பாதியில் போகிறார்கள்?” என்று மரிசோல் கேட்க, நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

“பஸ்ஸு போயிருமுங்க” என்றார் செல்வி. “அதுவும் பாதி தூரந்தாங்க போகும். மீதிக்கு நடக்கோணும்.”

அவர்கள் ஊர் வாழவந்திப் பக்கம், மேட்டில் இருக்கிறது. பெயர் வேண்டாம். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு ரோட்டில் மண் சரிந்தது. பஸ் சரிவுக்குக் கீழேயே ஒரு வளைவில் திரும்ப ஆரம்பித்தது. அப்புறம் மண்ணை அள்ளி, சுவர் கட்டி, தார் போட்டு ரோடு பளபளவென்று ஆகிவிட்டது. பஸ் மட்டும் அதே வளைவிலேயே திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏன்? பழகிவிட்டது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இருட்டில் அந்த மீதி ரோட்டில் காட்டெருமை நிற்கும். ஒருநாள் நின்றது. ஓடி விழுந்ததில்தான் பிலோமினாவின் மணிக்கட்டு போனது.

“அது என்னைய ஒண்ணும் பண்ணலீங்க. பாத்துச்சு, அவ்ளோதான். நாந்தான் ஓடி உழுந்து போட்டேன்” என்றார் பிலோமினா, எருமைக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி.

மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுக்காத இடம் இல்லையாம்.

மரிசோல் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “அப்படியென்றால் பாடுங்கள். கொரிதோவில் யாரையும் திட்ட வேண்டாம். எந்த ஊர், யாருக்கு, என்ன நடந்தது — அதை வரிசையாகச் சொன்னால் போதும்.”

அன்றைக்கு இருவரும் ஓடிவிட்டார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை செல்வி நாலு வரியோடு வந்தார். மெட்டு மரிசோலுடையது. வார்த்தை நம்முடையது.

*வாங்க வாங்க மலை பாக்க வந்த சனமே,*
*எங்கூரு பஸ்ஸு கதை கொஞ்சம் கேளுங்க.*
*சரிஞ்ச மண்ண அள்ளியாச்சு, ரோடு வந்து சேந்தாச்சு,*
*ரோட்டு மேல வாரதுக்கு பஸ்ஸு மட்டும் காணோமுங்க.*

குழுவில் ஒருவர், டிரைவரைத் திட்டி ஒரு வரி சேர்க்கலாம் என்றார். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தண்ணன் நொம்ப நல்லவருங்க. நாங்க எறங்கி நடக்கறப்ப, லைட்ட மேட்டுப் பக்கம் அடிச்சுட்டு நிப்பாருங்க. நாங்க மறையற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டாரு.” திட்டு போய், அந்த லைட் பாட்டுக்குள் வந்தது.

எருமைக்கும் ஒரு வரி கிடைத்தது. ‘பாத்துச்சு, அவ்ளோதான்’ என்றே.

எங்கே பாடுவது? காபி விவசாயிகள் சேர்ந்து கோடைக் கொண்டாட்டம் ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். வெளிநாட்டு விருந்தாளி பாடுவார் என்றதும் மேடையில் இடம் கொடுத்துவிட்டார்கள். வருகிற முக்கிய விருந்தினர்களில் பஸ் போக்குவரத்து அதிகாரி ஒருவரும் உண்டு என்று தெரிந்ததும், செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க, அவரு கோவிச்சுக்கிட்டு இருக்கற பஸ்ஸையும் நிறுத்திப்போட்டா? ஊருல எங்களத்தான கேப்பாங்க? எம் புள்ள ஸ்கூலுக்கு அதுலதாங்க போகுது.”

பயம் நியாயமானது. பாட்டு பாடிவிட்டு மரிசோல் விமானம் ஏறிவிடுவார், நான் பத்தி எழுதிவிடுவேன். அந்த வளைவில் இறங்கி நடக்கப் போவது செல்வி அல்லவா? மொழிபெயர்த்துச் சொன்னேன். மரிசோல் தலையாட்டினார்.

“அவள் சொல்வது சரி. எங்கள் ஊரிலும் பாடியதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. பாட வேண்டாம் என்றால் நான் தனியாக ஏதாவது காதல் பாட்டு பாடிவிடுகிறேன்.”

பிலோமினாதான் முடிவு செய்தார். மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, “இன்னொரு கை இருக்குதில்லீங்க... அதையும் ஒடைச்சுக்கோணுமா? நான் பாடறேன். நீ வேணா பின்னால நில்லு, கண்ணு” என்றார்.

செல்வி பின்னால் நிற்கவில்லை.

கொண்டாட்டத்தன்று மேடையில் மரிசோல் கிட்டாரைத் தட்டி ஆரம்பித்தார். பெண்கள் பலகையில் காலைத் தட்டி தாளம் கொடுத்தார்கள். மெட்டு துள்ளியது. முன்வரிசையில் அந்த அதிகாரி முதல் ஆளாகக் கை தட்ட ஆரம்பித்துவிட்டார். பாவம், வார்த்தையைக் கேட்பதற்கு முன்பே. ‘பஸ்ஸு மட்டும் காணோமுங்க’ வந்தபோது கை தானாக நின்றது. ஆனால் பின்வரிசை மொத்தமும் தாளத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தட்டினாலும் தப்பு, தட்டாவிட்டாலும் தப்பு. மனிதர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தபடி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எருமை வரிக்கு ஏற்காடே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அதுதான் திருப்பம்.

பாட்டு முடிந்ததும் எழுந்து, முன்வரிசையிலிருந்தே கேட்டார். “ஏம்மா, மேல பஸ் திரும்ப எடம் இருக்குதா?”

செல்வி மைக்கை வாங்கினார். “இருக்குதுங்க சார். மாரியம்மன் கோயிலு முன்னால செங்கல் லாரியே திரும்புதுங்க.”

“நாளைக்கு வந்து பாக்கறேன்.”

நாளைக்கு என்ற வார்த்தையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்? ஆனால் அவர் வந்தார் — மறுநாள் இல்லை, மறுவாரம். ஜீப்பில் மேலே போய், கோயில் முன்னால் இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாராம். ரோடு சரியானதை யாரும் தனக்கு முறையாகச் சொல்லவில்லை என்றாராம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

பஸ் ஊருக்குள் போன முதல் சாயங்காலம் நானும் டீச்சரும் மரிசோலும் அதில் இருந்தோம். வளைவு வந்தது. டிரைவர் பழக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தார். பஸ் முழுக்க “அண்ணோவ்” என்றது. வெட்கப்பட்டு கியரை மாற்றி மேலே ஏற்றினார். பிலோமினா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தான் விழுந்த இடத்தை எங்களுக்குக் காட்டினார், ஏதோ வியூ பாயின்ட் காட்டுகிற மாதிரி. கோயில் முன்னால் இறங்கியதும் செல்வி மரிசோலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாட்டா பஸ்ஸை மேலே இழுத்தது? இல்லை, டீசல்தான். ஆனாலும் ஒன்று யோசித்துப் பாருங்கள். மனுவைப் படிக்காமல் மேஜையில் வைத்துவிடலாம். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்துகொண்டு பாட்டைக் கேட்காமல் எப்படி இருப்பது? சாமிக்குப் பாட்டு, தேர்தலுக்குப் பாட்டு, வளைகாப்புக்குப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் பாடுகிற நாம், நம் சொந்தக் குறைகளை மட்டும் ஏன் மனுவாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம்?

மரிசோல் ஊருக்குத் திரும்பிவிட்டார். நேற்று ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, செல்வியின் ஊர்ப் பக்கத்துக் குடிநீருக்குப் பொறுப்பான மனிதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, அந்த மெக்சிகோக்காரம்மா போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“அப்புறம் எதுக்குங்க அந்தப் பொம்பளைங்க எங்க தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு பிராக்டிஸ் பண்றாங்க?”