ஆளுநரின் வயலை உழுதவர்கள்

ஒஸ்லோவின் வெஸ்ட்லிக்குப் போகும் மெட்ரோவில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. "அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா," என்று சாவுச் செய்தி சொன்னார் மலர் அக்காவின் தம்பி. எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. முதல்நாள்தான், "நாளைக்கு வாரும், புத்தக வேலை கிடக்கு," என்று சொல்லியிருந்தார்.

ஒஸ்லோவில் சிலர் அவரை முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவராக அறிவார்கள். பலருக்கு அவர் கல்வெட்டு எழுதுபவர். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் வருவோருக்குக் கொடுக்கும் அந்த நினைவு நூலில், அக்கா கைவைத்தால் கஞ்சனும் வள்ளலாகிவிடுவான். ஓய்வு பெற்றபின் அவர் எழுத எடுத்துக்கொண்டது, அமெரிக்கா விடுதலை பெற்ற காலத்தில் ஒரு மாநிலத்துக்கு ஆளுநராக இருந்த விவசாயியின் வாழ்க்கையை. பள்ளிக்கூடம் அதிகம் காணாதவர். போருக்குப் போய், சட்டசபைக்குப் போய், ஆளுநரானவர். ஏன் இவர் என்று கேட்டேன்.

"தேர்தலிலை தோத்த உடனை பதவியைக் குடுத்திட்டு வயலுக்குப் போனவர். எங்கடை தமிழ்ச் சங்கத்திலை ஆரும் அப்பிடிப் போய்க் கண்டனீரோ?"

முதற்படியை எனக்கு வாசித்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் புகழ். "அவர் போருக்குப் போன நேரம் வயலை ஆரக்கா உழுதது?" என்று கேட்டேன்.  அடுத்த கிழமை அக்கா ஆளுநரின் உயிலின் பிரதியை மேசையில் போட்டார். குதிரைகளுக்கும் கட்டில்களுக்கும் நடுவே அடிமைகளின் பெயர்கள் இருந்தன.

"நான் இந்தாளுக்கும் கல்வெட்டெல்லோ எழுதிப்போட்டன்," என்றார். அந்தப் படி முழுவதும் குப்பைக்குப் போனது. அறுபத்தெட்டு வயதில் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

அச்சிட முன்வந்த நண்பர்களுக்கு அடிமைகள் பற்றிய அதிகாரம் பிடிக்கவில்லை. "பெரிய மனிசனை ஏன் குறைச்சுக் காட்டவேணும்?" என்று அக்கா நோயாய்ப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்கள். நோயில் அவருக்குக் குரல் அடைத்துப் போயிருந்தது. ஆனாலும் சொன்னார்: "அது இல்லையெண்டால் புத்தகமே வேண்டாம்."

அவர்கள் போனபின் தலையணையை நிமிர்த்தச் சொல்லி, உயிலில் இருந்த பெயர்களைத் தமிழில் எழுத உட்கார்ந்தார். ஒரு பெயரையும் விடக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

செத்தவீட்டிலும் அதே நண்பர்கள் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்கள். "அவவும் போயிட்டா. இனியாவது அதை விட்டிடுங்கோவன்."

"ஏலாது," என்றேன். அவர்கள் விலகினால் வேறு அச்சகம் பார்ப்பேன். அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: புத்தகம் வரும், அந்த அதிகாரத்தோடுதான் வரும்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பிடிவாதமும் பாதியில் நின்ற ஒரு பட்டியலும். ஆறாவது பெயரோடு அவருடைய கையெழுத்து முடிகிறது. இன்று காலை ஏழாவதை நான் எழுதினேன்.