டத்தோவுக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சு

எங்கள் தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் விருந்துக்கு டத்தோ வருகிறார் என்று எங்கள் சங்கத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தபோது, டத்தோவுக்கே அது தெரியாது. கடிதம் போகவில்லை. போன் போகவில்லை. இவர் ஏதோ கல்யாணத்தில் டத்தோவுக்குக் கை கொடுத்திருக்கிறார், அவரும் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான் ஒப்பந்தம். மறுநாளே அழைப்பிதழில் "சிறப்புரை" என்று அச்சடித்துக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"அண்ணே, அவர் சம்மதம் சொன்னாரா?"

"வருவாரு லா. நீ ஏன் எப்பப் பாத்தாலும் அபசகுனமா பேசுற? ஒரு சூராட் மட்டும் போட்டுரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலாளர் என்றால் இவர் வாய்க்கு வந்ததை எல்லாம் நிஜமாக்குகிற ஆள் என்று நினைப்பு. நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணி வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருஷமாக நிலப் பத்திரமும் மலாயில் கடிதமும்தான் என் பிழைப்பு. அதனால் சங்கத்தில் எழுத்து வேலை என்றால் என் தலையில்தான் கட்டுவார்கள். முறைத்துக்கொண்டே அன்றைக்கே கடிதத்தை அடித்து அனுப்பினேன்.

டத்தோ என்பது சுல்தான் கொடுக்கிற பட்டம்; இவர் எந்த இலாகா, என்ன பதவி என்று இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து நிலத்தின் கோப்பு அவர் ஆபீஸில் இருந்தது, அது போதும்.

அந்த நிலத்தின் கதையைச் சொன்னால்தான் என் பயம் புரியும். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டிப்போட்டு செம்பனை வைத்தார்கள், பிறகு அதையும் வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள். தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் போயின. பள்ளி மட்டும் நிற்கிறது, அதுவும் அடுத்தவன் மண்ணில். நாலு ஏக்கரைப் பள்ளிக்கென்று பிரித்துக் கொடுங்கள் என்று மனு போட்டு ஆறு வருஷம் ஆகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். அதே பதில், தேதி மட்டும் வேறு.

பள்ளியில் மொத்தமே பதினாலு பிள்ளைகள். அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு ஆறு பேர் பதிந்திருந்தார்கள், அதில் நாலு பேரின் பெற்றோர் டவுன் பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? நாளைக்கு இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? அந்த நாலும் போனால் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியைக்குப் பயம். தினமும் எனக்குப் போன் போடுவார்.

"டத்தோ மேடையில ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. நெலம் கெடைக்கும்னு அவர் வாயால சொல்லிட்டா ஜனங்க நிப்பாங்க. நான் பேரன்ட்ஸ எல்லாம் வேன் வெச்சுக் கூட்டிட்டு வரேன்."

"டீச்சர், அவர் வர்றதே இன்னும் உறுதியாகல."

"தலைவர் உறுதின்னாரே?"

விருந்துக்கு இருந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் போன் அடித்தால் முதல் ஆளாக ஓடிப்போய் எடுப்பேன். டத்தோவின் சிறப்பு அதிகாரி நம்ம தமிழ் ஆள்தான், முப்பது வயசு இருக்கும். மெசேஜ் போட்டால் "நோட்டட் அக்கா" என்று பதில் போடுவான், கூடவே ஒரு கட்டை விரல். அந்தக் கட்டை விரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சமைக்கவா? வருகிறாரா, இல்லையா, அதைச் சொல்லடா!

விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவனே கூப்பிட்டான்.

"அக்கா, டத்தோ கன்ஃபார்ம். ஏழே முக்காலுக்கு வருவாரு. பேச்சு மட்டும் அனுப்பிடுங்க."

"என்ன பேச்சு தம்பி?"

"டத்தோ பேச்சுதான். மலாயில, ரெண்டு பக்கம். எழுத்து பெருசா இருக்கட்டும், அவருக்குக் கண்ணாடி போட்டா பிடிக்காது."

"நாங்களா எழுதணும்? டத்தோ பேசப்போறத?"

"எல்லாரும் அப்படித்தான் அக்கா அனுப்புவாங்க. அவருக்கு ஒரு நாளைக்கு நாலு நிகழ்ச்சி, எங்க உக்காந்து எழுதுறது?"

இது ஊர் அறிந்த வழக்கமாம். எனக்குத்தான் தெரியவில்லை. இத்தனை வருஷம் எத்தனை மண்டபங்களில் எத்தனை பேச்சுக்குக் கை தட்டியிருப்பேன், அதையெல்லாம் என்னைப் போல ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து அடித்திருக்கிறாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதினேன். ஆரம்பத்தில் "வணக்கம், எல்லாரும் சாப்பிட்டீங்களா" என்று தமிழை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில் போட்டேன், தமிழ் தெரியாத டத்தோ படிக்க வசதியாக இருக்கட்டும் என்று. ஆசிரியர்களுக்கு நன்றி, முன்னாள் மாணவர்களுக்குப் பாராட்டு, எல்லாம் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. நிலத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

முதலில் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் எழுதினேன். சத்தியமாக. எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆறு வருஷமாக அவர்கள் எங்களுக்கு அனுப்பின சொல்லை இப்போது நானே உட்கார்ந்து அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேனா? அழித்தேன். "நாலு ஏக்கர் நிலம் இந்தப் பள்ளிக்கு ஒதுக்கப்படும். அதற்கான கடிதம் இவ்வாண்டு முடிவதற்குள் பள்ளியிடம் ஒப்படைக்கப்படும்" என்று அடித்தேன்.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர்கள் ஆபீஸில் நாலு பேர் படிப்பார்கள். ஆகாது என்றால் வெட்டிவிடுவார்கள். வெட்டாமல் விட்டால், அது அவர்கள் கொடுத்த வாக்கு. இப்படி நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். தலைவரிடம் சொல்லவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "நோட்டட் அக்கா." ஒரு கட்டை விரல்.

அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது. வெட்டினார்களா, இல்லையா? கேட்கலாம் என்று போனை எடுப்பேன். கேட்டால் உஷாராகி வெட்டிவிடுவார்களோ என்று வைத்துவிடுவேன். வெட்ட வேண்டும் என்றும் ஒரு மனசு, வெட்டக்கூடாது என்றும் ஒரு மனசு. வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

விருந்து ஈப்போவில் ஒரு சீனர் ரெஸ்டாரன்டில், மாடி மண்டபம். ஏழே முக்கால் ஆனது, எட்டு ஆனது, எட்டேகால் ஆனது. டத்தோவைக் காணோம். அவர் பேசி முடிக்காமல் சாப்பாடு எடுக்கக்கூடாது என்று தலைவர் உத்தரவு. சமையல்கட்டிலிருந்து ஒருத்தி வந்து, மீன் ஆறிப்போகிறது என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள். கடலையைக் கொறித்துக் கொறித்து மேசையில் தட்டு காலி. கடைசி மேசையில், கதவோரமாக, வேனில் வந்த பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி சட்டையோடே வந்திருந்தார்கள் சிலர். டீச்சர் பட்டுப்புடவையில், கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

எட்டரைக்கு வாசலில் டத்தோவின் காடி வந்து நின்றது. மேளம், மாலை, தலைவரின் பல் எல்லாம் வெளியே வந்தன. சிறப்பு அதிகாரி ஒரு நீலக் கோப்போடு பின்னால் வந்தான். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். கோப்பு திறந்திருந்தது. என் பேப்பர்தான். நான் வைத்த பெரிய எழுத்து, நான் விட்ட இடைவெளி, ஒரு புள்ளி மாறவில்லை.

"தம்பி, டத்தோ இத படிச்சிட்டாரா?"

"மேடையிலதான் அக்கா படிப்பாரு."

"நீ?"

"ஒரு பார்வை பாத்தேன். நல்லா எழுதியிருக்கீங்க."

ஐயோ, கடவுளே! நாலு பேர் படிப்பார்கள் என்று நினைத்தேனே, நாலு பேரும் நான்தான். "ரெண்டாம் பக்கத்துல ஒரு திருத்தம் இருக்கு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் டத்தோவை மேடைக்கு அழைத்துவிட்டார்கள், அவன் கோப்பைக் கொடுக்கப் போய்விட்டான். மறைப்பானேன், நான் மனசு வைத்திருந்தால் அந்த இரண்டாம் பக்கத்தைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு கை தூரம்தான். பிடுங்கவில்லை.

"வணக்கம், எல்லாரும் சாப்பிட்டீங்களா" என்றார் டத்தோ. பட்டினியாகக் கிடந்த ஜனம், "இல்ல!" என்று ஒரே குரலில் கத்தியது. அவருக்கு என்ன விளங்கியதோ, சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு படித்தார். நான் மூச்சு விட வைத்த இடத்தில் மூச்சு விட்டார். நான் அழுத்தம் வைத்த இடத்தில் அழுத்தினார். தாளைத் திருப்பினார்.

நாலு ஏக்கர் என்று வந்ததும் மண்டபம் அடங்கிவிட்டது. இவ்வாண்டு முடிவதற்குள் என்று வந்ததும் கடைசி மேசையில் யாரோ விசில் அடித்தார்கள். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். டத்தோ ஒரு கணம் தாளை மறுபடி குனிந்து பார்த்தார், என்ன படித்தோம் என்பது போல. கைதட்டல் நிற்கவில்லை. அவரும் நிமிர்ந்து கையசைத்தார். டீச்சர் அழுதுவிட்டார். நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் தெரிந்துவிடும் என்று.

பொன்னாடை முடிந்து, டத்தோ இரண்டு வாய் சூப்போடு கிளம்பிவிட்டார். அதிகாரி போகிற போக்கில் என்னிடம் நின்றான்.

"அக்கா, அந்த நெலம் விசயம் எங்க ஆபீஸ்ல யாரு குடுத்த தகவல்?"

"யாரும் குடுக்கல. நான் எழுதுனது."

"அலமாக்!" என்றான். மூஞ்சி வெளுத்துவிட்டது. கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியில் ஓடினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சாப்பாடு வந்தது. நான் எதையும் தொடவில்லை. கடைசி மேசையிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறவள், அவள் பிள்ளை அந்த நாலில் ஒன்று.

"அக்கா, திங்கக்கெழம டவுன் ஸ்கூல்ல போயி எடம் வேணாம்னு சொல்லிடறேன். டத்தோவே சொல்லிட்டாரு, இனி என்ன பயம்?"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரை வந்தது அந்த "ஆமாம்மா". ஆனால் இவள் பிள்ளையின் பேரை டவுன் பள்ளியில் நீக்கிவிட்டால், இங்கேயும் இல்லை என்று ஆனால்?

"இங்க பாரும்மா. அத டத்தோ சொல்லல. நான் எழுதிக் குடுத்தேன், அவரு படிச்சாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். அடிப்பாளோ என்று இருந்தது. அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"அப்போ நெலம் இல்லையா?"

"இன்னும் இல்ல."

"ஆனா மைக்ல சொன்னாருல்ல? இத்தன பேரு கேட்டோம்ல? தலைவர் வீடியோகூட எடுத்தாரே?"

"சொன்னாரு. எடுத்தாரு."

திரும்பித் தன் மேசையைப் பார்த்தாள். அங்கே சிரிப்பும் சத்தமுமாக மீனைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்ககிட்ட போயி இத நான் சொல்ல மாட்டேன் அக்கா. என் பிள்ளைய நம்ம ஸ்கூல்லதான் போடப்போறேன். எழுதுனது நீங்கதானே, நீங்களே வாங்கிக் குடுத்துருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் சொல்லுகிற மாதிரி சொன்னாள். போனை எடுத்து என் நம்பரைக் கேட்டாள். "ஸ்கூல் நெலம் அக்கா" என்று என் பெயரைப் பதிந்து, சரியா என்று திருப்பிக் காட்டினாள். சரி என்றேன்.

வேன் கிளம்பி வழியில் இருக்கிற செமோர்கூடத் தாண்டியிருக்காது, அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அக்கா, டத்தோ ஒப்பிஸுக்கு எப்ப போறீங்க?"

திங்கட்கிழமை காலையில் என்று அடித்தேன். அனுப்பாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அனுப்பினேன்.