வாஷ்பேசினில் ஊற்றிய தண்ணீர்

என் அண்ணி தையல்காரர். ஒரு தையல் கோணினாலும் பிரித்துத் தைப்பார். அவர் வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை.

அண்ணன் பஸ் டிரைவர். வழியில் இறங்கி ஒதுங்க முடியாதென்று தொண்டை நனையும் அளவுதான் தண்ணீர் குடிப்பார். நுரையீரலில் கட்டி வந்து கீமோ மருந்து ஏற்றினார்கள். வீட்டில் நிறையத் தண்ணீர் குடிக்கணும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். அண்ணனுக்கோ ஒரு வாய் குடித்தாலே குமட்டல். கழிப்பறைவரை நடக்கவும் தெம்பில்லை.

"விட்டுடும்மா. வண்டி கிளம்புற நேரத்துல தண்ணி குடுக்கிறியே" என்பார் அண்ணியிடம்.

வற்புறுத்த அண்ணிக்கு மனசு வரவில்லை. மிச்சத்தையெல்லாம் வாஷ்பேசினில் ஊற்றினார். நர்ஸ் போனில் விசாரித்தபோது, "குடிச்சிட்டாருங்க" என்றார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா எங்களுக்கு விளங்கும்படி சொன்னார்.

"கிட்னிக்குள்ள முடியைவிட மெல்லிசா குழாய்ங்க இருக்கும்மா. அதோட சுவர் முழுக்கச் செல்லுங்க. உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப இழுத்துக் குடுக்கிறது அதுங்கதான். இந்த மருந்தையும் உள்ள இழுத்துக்குது. உள்ள போனது, செல்லுக்குத் தெம்பு குடுக்கிற இடத்தையே கெடுக்குது. செல்லு செத்து உதிர்ந்து குழாயை அடைக்குது. தண்ணி நிறைய ஓடினா மருந்து தேங்காது. அவ்வளவு குடிச்சும் இப்படின்னா, இவருக்கு ஒத்துக்கலை. கட்டி சுருங்கிட்டுதான் வந்துச்சு. என்ன பண்றது, நிறுத்திடலாம்."

அண்ணி எழுந்து நின்றார்.

"அவர் குடிக்கலைங்க. நான்தான் கீழ ஊத்தினேன். பாவமா இருந்துச்சு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்பவாவது சொன்னீங்களே. செத்த இடத்துல புதுச் செல்லு வரும், முழுசா இல்லாட்டியும். கிட்னி தேறட்டும். அப்புறம் இங்கேயே படுக்கவெச்சு, டிரிப்ல தண்ணி ஏத்தி, மருந்தைக் குறைச்சுக் குடுத்துப் பார்க்கலாம்."

கடவுள் கண் திறந்தார். சிறுநீரகம் முக்கால்வாசி தேறியது. மருந்தும் மறுபடி ஏறுகிறது. அண்ணன் இப்போது கேட்டுக் கேட்டுக் குடிக்கிறார். "எக்ஸ்பிரஸ் ஓட்டினவனை ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கவெச்சிட்டா உங்க அண்ணி" என்பார். எல்லோரும் சிரிப்போம், அண்ணியைத் தவிர.

"கடவுள் மன்னிச்சிருப்பாரு அண்ணி" என்றேன் ஒருநாள்.

"அவருக்குப் பெரிய மனசு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

அந்த வாஷ்பேசினில் அண்ணி இன்னும் கை கழுவுவதில்லை. மழை பெய்தாலும் பின்பக்கக் குழாய்க்குத்தான் போகிறார்.