நுரைத் தொட்டியும் நான் போட்ட கையெழுத்தும்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. மேலூர் தாண்டி ஓர் எரிசாராய ஆலையில் கெமிஸ்டாக இருந்தேன். ஆரப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருவேன். சாராய ஆலையில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இந்த விஷயத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து, பெரிய தொட்டிகளில் புளிக்க விடுவோம். அப்போது நுரை பொங்கும். உலைப்பானை பொங்குமே, அதேபோலத்தான். என்ன, இந்தப் பானை ஒரு வீட்டளவு இருக்கும். நுரையை அடக்க ஓர் எண்ணெய் உண்டு. கொஞ்சம் ஊற்றினால் போதும், அமுங்கிவிடும். அந்த எண்ணெய் டிரம்மை எங்கள் மேனேஜர் ஓர் அறையில் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். "ஜாஸ்தி ஊத்துனா ஈஸ்ட் கெட்டுப்போகும். எப்ப ஊத்தணும்னு எனக்குத் தெரியும்" என்பார். நீங்கள் இல்லாத நேரத்தில் பொங்கினால் என்ன செய்வது என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் சிரித்தார்.

அன்றைக்குப் புதுப்பாகு வந்திருந்தது. காலையிலிருந்தே நுரை கெட்டியாக ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஏதோ காதுகுத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார், சாவியோடு. மத்தியானம் ஒரு தொட்டி விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். நீள மூங்கிலில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, நுரையைத் தட்டி அமுக்கத் தொட்டி மேலிருந்த பலகையில் ஏறினார்.

"அண்ணே, வேணாம், இறங்குங்க. வாயு அங்கதான் நிக்கும்" என்று கத்தினேன்.

"வழிஞ்சா நம்மளத்தான கேப்பாக. ரெண்டு தட்டு தட்டிட்டு வாரேன் தாயி" என்றார்.

புளிக்கும்போது வருகிற கரியமில வாயு காற்றைவிடக் கனம். நுரைக்கு மேலேயே படுத்துக்கிடக்கும்; அதை இழுத்தால் ஆள் மயங்கிவிடும். அவர் நாலைந்து தடவை தட்டியிருப்பார். மூங்கில் கையைவிட்டு நழுவியது. அப்படியே மடங்கிப் பலகைமேல் சாய்ந்தார். ஒரு கால் நுரைக்குள் தொங்கியது.

பாய்லர் பக்கம் வேலை பார்த்த இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "மூச்சை அடக்கிட்டு ஏறுங்க, மேல மூச்சு இழுக்காதீங்க!" என்று அலறினேன். இழுத்து வந்து வெளியில் காற்றாடக் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. வெகுநேரம் கழித்து இருமினார். அந்த இருமல் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. லாரியில் ஏற்றி மேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஒரு கம்பியை எடுத்து அந்தப் பூட்டை உடைத்தேன். எண்ணெயை ஊற்றினோம். அம்புட்டு நுரையும் பத்தே நிமிஷத்தில் அடங்கிப்போனது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதற்கா ஒரு மனிதர் சாகப் பார்த்தார்?

சாயங்காலம் மேனேஜர் வந்தார். வாயில் வெற்றிலை. அந்த மனிதருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "பூட்டை உடைச்சது யாரு?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் ஒரு தாளை நீட்டினார். தொழிலாளி குடித்துவிட்டுப் பலகையில் ஏறி மயங்கினார் என்று எழுதியிருந்தது. அவர் குடிக்க மாட்டார் என்பது ஆலைக்கே தெரியும். "சாட்சிக் கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா பூட்டை உடைச்சதுக்கு உன் வேலை போயிரும்."

போட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போட்டேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வேலையை விட்டு நிறுத்தினார்கள். சில நாள் கழித்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஓடிப்போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு என்ன தாயி, இருக்கு. எம் மகளப் பொண்ணு கேட்டவுக, குடிகாரன் வீடுன்னு விலகிட்டாக" என்றார். சத்தம் போடவில்லை. "பூட்ட ஒடைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, இது பொய்யின்னு சொல்லத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. உயிரைக் காப்பாற்றியவளை இப்படிக் கேட்கலாமா என்று. நான் வீடு திரும்பிய பஸ் ஒத்தக்கடை வருவதற்குள் அந்தக் கோபம் முழுக்க என் பக்கமே திரும்பிவிட்டது.

மறுநாள் காலையில் நடந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதினேன். சாவி எங்கே இருந்தது, நான் போட்ட கையெழுத்து பொய், எல்லாவற்றையும். தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பினேன். விசாரணை வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரும் அவர் குடித்திருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். சில மாதத்தில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எண்ணெய் டிரம் தொட்டிப் பக்கத்துக்கே வந்தது. மேனேஜரை என்ன செய்தார்கள் தெரியுமா? பெரிய பதவி கொடுத்து வேறு ஆலைக்கு அனுப்பினார்கள்!

நின்றுபோன சம்பந்தம் நின்றுபோனதுதான். அவரும் அதற்குப்பிறகு என்னை ஒருநாள்கூட தாயி என்று கூப்பிடவில்லை. எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவார். பயத்தில் சொன்ன பொய்யைப் பிறகு எத்தனை பக்கம் எழுதித் திருத்தினாலும், அதில் அடிபட்டவர் நம்மை மன்னித்தே தீரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை என்பது, இத்தனை வருஷம் கழித்தும் என்னைச் சுடுகிற உண்மை.