மகன் பெயரில் ஓர் அருச்சனை

உப்புவெளியில் எங்கள் உளவளத்துணை நிலையத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி வந்தது. பிலோமினா அக்கா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோய்விட்டார். கேட்ட பிறகும் அவருடைய கதிரையையும் சேர்த்தே போட்டு முடித்தேன். ஏனென்று எனக்கே தெரியாது.

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அவரோடு பதினொரு வருடம் வேலை செய்தவள் நான். படிப்பில் அவரைவிட ஒரு படி மேல் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அது உடைந்தது யோகம்மாவிடம். கட்டைபறிச்சானில் இருந்து எங்களிடம் ஆறுதல் தேடி வருபவர். சண்டைக் காலத்தில் அவருடைய மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. நித்திரை இல்லையென்று அவர் அழுதபோது நான் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்: "மகனுக்கு ஒரு மோட்ச அருச்சனை செய்யுங்கோ அம்மா. மிச்சத்தைக் கடவுள் பாத்துக்கொள்ளுவார்."

இறந்தவர்களுக்குச் செய்வது அது. யோகம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

"என்ர பிள்ளை செத்திட்டானெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எழுந்து போனவர் மூன்று மாதம் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. தேநீர் ஆற்றும்போதுகூடக் கேட்கிறது.

அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடவுளைப் பற்றி இஞ்ச வாற சனம் கதைக்கட்டும் பிள்ளை. நாங்கள் முந்திக்கொண்டு கதைக்க ஏலாது" என்றார். அவ்வளவுதான். பிறகு பஸ் ஏறி யோகம்மாவிடம் போனார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கரான அக்கா கழுத்தில் செபமாலையோடு, அந்த ஊர்க் கோயிலில் யோகம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். நடந்தது உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யும் சாதாரண அருச்சனை. ஐயர் கேட்கும்போது யோகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் அக்காதான் சொல்வார்.

"அவன் இருக்கிறானெண்டு நம்புறியளோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. அவ தனிய நிக்கக்கூடாது."

செத்தவீட்டில் யோகம்மா பெட்டிக்குக் கிட்ட வெகுநேரம் நின்றார். அக்காவின் முகத்தைத் தொட்டார், கையைத் தொட்டார். ஒரு மாதம் கழித்து என்னைத் தங்கள் கோயிலுக்குக் கூப்பிட்டார். கையில் இரண்டு அருச்சனைத் தட்டுகள்.

"ஒண்டு மகனுக்கு. மற்றது அக்காவுக்கு, மோட்ச அருச்சனை. அவ வேதக்காரியெண்டால் என்ன? அவ போனபிறகு அவவின்ர முகத்தை நான் கண்ணால கண்டனான்."

அக்காவை அறிந்தவர்களே, அவர் நின்ற அந்த இடம்தான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. ஐயர் மகனின் தட்டை முதலில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். யோகம்மாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

"தயாளன்" என்றேன் நான். "அத்த நட்சத்திரம்."