கதவும் திறப்பும்

அம்மா இறந்து வருடம் நிறைந்து ஆட்டைத்திவசம் முடிந்த மறுகிழமை, கனடாவிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினான். ஆவணியில் குடும்பத்தோடு வருகிறானாம். அதற்கு முன் வீட்டில் உள்ள வேண்டாத சாமானையெல்லாம் கழித்துவிட வேண்டுமாம். "அக்கா, ஒரு வருசமாய்த் தொடாத சாமான் எங்களுக்குத் தேவையில்லாத சாமான். வச்சிருக்கிறது, குடுக்கிறது, எறியிறது எண்டு மூண்டு குவியலாய்ப் பிரியுங்கோ." பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு மூன்றாகப் பிரிக்கச் சொல்லித் தருகிறான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரிதான் என்பதால் இன்னும் கூட வந்தது.

முதல் மூன்று நாட்களும் பிசகில்லாமல் போயின. அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஐஸ்கிறீம் பெட்டிகள், கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள், அப்பாவின் பாடாத ரேடியோ, கால் ஒடிந்த கதிரை எல்லாம் போயின. சாமிப் படம் போட்ட பழைய கலண்டர்களை எறிய மட்டும் கை வரவில்லை. கடவுள்களை ஒரு சாக்கில் கட்டிக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். சாக்குக்கு முகமில்லை என்று தெரிந்தும், அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

நாலாம் நாள் தம்பியின் பேச்சு முன்வாசல் கதவுக்கு வந்தது. புதுக் கதவு போடுவோம், பழையதைக் கொடுத்துவிடுவோம் என்றான். கொழும்புப் பக்கத்து ஹோட்டல்களுக்காகப் பழைய கதவுகளை வாங்கித் திரிகிற ஒருவரை யாழ்ப்பாணத்திலிருந்து அவனே அனுப்பியும் விட்டான். வந்தவர் கதவை விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தார்.

"அசல் முதிரை மரம் அக்கா. பூட்டும் பழைய காலத்துப் பூட்டு. திறப்பு இருக்கோ?"

"இல்லை."

"எங்கை துலைஞ்சது?"

"இடம்பெயரேக்கை," என்றேன். பொய் இல்லை. யாருடைய கையில் அந்தத் திறப்பு போனது என்பதைத்தான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை லொறியோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். நான் அந்தக் கதவில் சாய்ந்து நெடுநேரம் நின்றேன். ஏனென்றால் அது எங்கள் கதவு அல்ல.

சண்டை வந்து ஊர்காவற்றுறையை விட்டு நாங்கள் ஓடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் இருந்தது, கூரையில் பாதி இருந்தது, கதவு யன்னல் ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன் வந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களுடைய கதவை அவர்களுக்கு முன் வந்தவர்கள் கழற்றியிருப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தீவில் பல பேருடைய கதவு இன்னொருவர் வீட்டில்தான் நின்றது. அப்பாவும் பக்கத்து வளவுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் வன்னிக்குப் போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள் என்று ஊர் சொன்னது. கூரை விழுந்து, நாயுண்ணிப் பற்றைக்குள் மறைந்து நின்றதால் அவர்களுடைய முன்கதவு மட்டும் தப்பியிருந்தது. பூட்டியபடியே இருந்த அதைப் பிணைச்சலோடு பெயர்த்து, தோளில் சுமந்து வந்தார். "வந்து கேட்டால் குடுப்பம்," என்றார். நம்பித்தான் சொன்னார்.

திறப்பு இல்லாததால் பூட்டின் இரும்பு நாக்கு வெளியே நீட்டியபடியே நின்றது. உள்ளே போகாது. அப்பா நிலையில் உளியால் ஒரு பள்ளம் வெட்டி, நாக்குத் தட்டாமல் கதவைச் சாத்த வழி செய்தார். உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டார். ஆகவே அந்தக் கதவு எங்கள் வீட்டில் திறந்து கிடந்தபோதும் பூட்டியபடிதான் கிடந்தது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் டக், டக் என்று மோதும். மரியாதை தெரிந்த ஆரோ வெளியே நின்று தட்டுவதுபோல இருக்கும். மத்தியான நேரங்களில் நான் எத்தனையோ தரம் எழுந்து போய்த் திறந்து பார்த்திருக்கிறேன். முற்றத்தில் வெயில் மட்டும் நிற்கும். அம்மா ஒருநாளும் எழும்பமாட்டார். "மெல்லச் சாத்து பிள்ளை, மற்றவையின்ரை கதவு," என்று மட்டும் படுத்தபடியே சொல்வார்.

எங்கள் சொந்தக் கதவை அப்பா ஒருமுறை கண்டார். மண்கும்பானில் ஒரு செத்தவீட்டுக்குப் போனவர், அந்த வீட்டு வாசலில் எங்கள் கதவு நிற்பதைக் கண்டு அதற்கு எதிரே இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். கேட்கவில்லையா என்று அம்மா கேட்டார். "என்னெண்டு கேக்கிறது? வந்து எங்கடை வாசலைப் பாத்தால் என்ன சொல்லுறது?" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அப்பா இறந்துபோன பிறகு, இரண்டு வருடத்துக்கு முன், கதவின் சொந்தக்காரியான பக்கத்து வளவு மாமி திரும்பி வந்தார். தனியாக வந்தார். மாமா வன்னியில் நோயில் இறந்துபோனார். மகள், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், கடைசி யுத்தத்தில் செத்துப்போனாள். வீட்டுத்திட்டத்தில் மாமிக்கு இரண்டு அறையும் தகரக் கதவும் கிடைத்தன. அவருடைய கிணறு உவர். அதனால் குடிதண்ணீருக்குத் தினமும் எங்கள் கிணற்றுக்கு வந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முன்வாசல் கதவை எங்கே கொண்டுபோய் மறைப்பது? மாமி வந்த அன்று அம்மா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். பிறகு வெள்ளிதோறும் மாமிக்குச் சோறும் கறியும் அனுப்பினார். ஊரார் அதை அன்பு என்றார்கள். எனக்குத் தெரியும், அது பயம். மாமியோ ஒருநாளும் வீட்டின் முன்பக்கமாக வரவில்லை. படலையால் நுழைந்து, வேலியோரமாகச் சுற்றி, கிணற்றடிக்குப் போய், அதே வழியால் திரும்புவார். உள்ளே வரச் சொன்னால், "இருக்கட்டும் பிள்ளை, நேரமில்லை" என்பார். தனியாக இருக்கிற மனிசிக்கு அப்படி என்ன நேரமில்லை? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழுந்துபோய்க் கதவை உள்ளே சுவரோடு சேரத் திறந்துவிடுவேன். அம்மாவும் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே கண்ணை மூடினார். சொல்லுகிற வேலை எனக்கு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை லொறியில் கதவு போய்விட்டால் இனிச் சொல்லவே தேவையில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. அவ்வளவு சுகமாக முடிந்துவிடும். வியாழன் பின்னேரம் கிணற்றடிக்குப் போனேன்.

"மாமி, எங்கடை முன்கதவு இருக்கெல்லோ? அது எங்கடையில்லை. உங்கடை."

மாமி கயிற்றை விடாமல் வாளியை மேலே எடுத்து, குடத்தில் ஊற்றி முடித்தார்.

"தெரியும் பிள்ளை. வந்த அண்டைக்கே படலையிலை நிண்டு கண்டனான்."

எனக்குக் கோபம் வந்தது, வெட்கமில்லாமல். இரண்டு வருடம் நாங்கள் வெந்து செத்தோமே! "அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் தந்திருப்பியள். தந்து என்ன? என்ரை புது வீட்டு வாசல் இதிலை பாதி, பொருந்தாது."

"பிறகேன் மாமி ஒருநாளும் உள்ளை வரேல்லை? கோவமோ?"

"கோவமில்லை." அவர் குடத்தின் விளிம்பைத் துடைத்தார். "அந்தக் கதவாலை உள்ளை வந்தால் என்ரை வீட்டுக்கை வாற மாதிரி இருக்கும். என்ரை பிள்ளை ஓடி வருவாள் எண்டு பாத்துக்கொண்டு நிப்பன். ஏலாது."

பிறகு மடியை அவிழ்த்து ஒரு சிறிய துணி முடிச்சை எடுத்தார். அதற்குள் திறப்பு இருந்தது. என் நடுவிரல் நீளம், இரும்பு, பிடித்துப் பிடித்து மழமழப்பாகியிருந்தது.

ஓடுகிற அன்று மகள் படலையடியில் நின்று புத்தகப் பையை எடுத்துவரத் திரும்பிப் போகக் கேட்டாளாம். "பூட்டியாச்சு, வந்து எடுக்கலாம் எண்டு சொன்னனான்," என்றார் மாமி. அதிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பெயரும்போதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, திறப்பு பத்திரமோ?" வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அதைத்தான் கேட்டாளாம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சாமானாக விட்டுக்கொண்டே போனார்கள். தையல் மெசின், பிறகு சைக்கிள், பிறகு பானை, பிறகு உடுப்பு. மகளையும் ஒரு இடத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டி வந்தது. திறப்பு மட்டும் வந்து சேர்ந்தது. எனக்குத் தம்பியின் மூன்று குவியல் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டா," என்றார்.

அன்றுதான் மாமி முதல்தரம் வீட்டின் முன்பக்கம் வந்தார். பூட்டுக்குள் எண்ணெய் விட்டு, திறப்பைப் போட்டு, பலம் முழுவதையும் கொடுத்துத் திருப்பினார். அசையவில்லை. மேலும் எண்ணெய் விட்டோம். என் கையும் அவர் கைக்கு மேல் சேர்ந்தது. மூன்றாம் தரம் உள்ளே ஏதோ உடைவதுபோலச் சத்தம் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக வெளியே நீட்டியிருந்த நாக்கு உள்ளே போனது.

மாமி கதவைத் தள்ளினார். அது எங்கள் முன்விறாந்தைக்குத்தான் திறந்தது. கழித்து ஒதுக்கிய சாமான்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அவர் படியில் நின்றபடியே காது கொடுத்துக் கேட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"ஆரும் இல்லை," என்றார் மாமி.

"ஓம் மாமி. ஆரும் இல்லை."

அவர் திறப்பை இழுத்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இனி நீ வச்சிரு. எனக்குப் போதும்." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்றத்துக்கு நடுவால் நேராகப் படலைக்கு நடந்தார். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

லொறிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குக் கோபம். "அக்கா, உங்களுக்கு ஒண்டையும் விட ஏலாது," என்றான். இருக்கலாம். மாமி இப்போது எங்கள் முன்விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. நிலையில் அப்பா வெட்டிய பள்ளத்துக்கு ஆசாரி ஒரு தகடு அடித்துத் தந்ததால், பூட்டு இப்போது பூட்டாகவே வேலை செய்கிறது. சோளகம் தொடங்கிவிட்டது. கதவு தட்டுவதில்லை.

எனக்குத்தான் வேறு விதமாகப் போய்விட்டது. காலையில் கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு, படலையை எட்டும்போது பின்னால் கேட்கிறது, பன்னிரண்டு வயதுக் குரலில், என்னோடு ஒரே வாங்கில் இருந்தவளின் குரலில்: திறப்பு பத்திரமோ? நான் பைக்குள் கை விட்டுத் தொட்டுப் பார்த்து, ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் றோட்டில் ஏறுகிறேன்.