மொரப்பூரில் கேட்காமல் வந்த பெயர்

எனக்கு எண்பத்தைந்து வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். மூன்றாவது வரைதான் படிப்பு. மெதுவாகத்தான் எழுத வரும்.

எழுபதாம் வருஷத்துக்குப் பிறகு ஒரு மாசி மாதம். கரண்டுக் கட்டணம் ஏறியதற்காக மாட்டுவண்டியை ரோட்டில் நிறுத்தி மறியல் செய்த என் வீட்டுக்காரர், சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து இருபதாம் நாள் போய்விட்டார். மறியலுக்குப் போனவர்களைப் பற்றி மொரப்பூரில் கவிதை வாசிக்கிறார்கள் என்று ஒரு ஆள் வந்து சொன்னார். அவர் பேரை நாலு பேர் நடுவில் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ். பொம்மிடியில் பாசஞ்சர் ரயில். டிக்கெட் அறுபது பைசா. எதிரில் புளிக்கூடையோடு ஒரு அம்மா.

"தனியா எங்கீங்க?"

"கவிதை கேக்கப் போறேங்க."

"அதுக்கா ரயிலு? எங்கூட்டுக்காரரு வையறதே ராகமாத்தான் இருக்கும். வந்து கேளுங்க."

என் வீட்டுக்காரர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். வெளியே கம்பங்கொல்லையில் அவர் மாதிரியே யாரோ தலைப்பாகையோடு நின்றார். ரயில் கடக்கும்வரை பார்த்தேன். முகம் திரும்பவில்லை.

பத்து மணிக்கு மொரப்பூரில் ஒரு புளியமரத்தடியில் கூட்டம். சேலத்துக் கவிஞர் ஒருவர் போராட்டத்தைத் தீ என்று பாடினார். பெங்களூர்ப் பக்கத்துக் கன்னடக் கவிஞர் கரை உடைத்த ஆறு என்றார். அதை ஒருவர் தமிழில் சொன்னார். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. என் மனுஷர் இரண்டிலும் இல்லை.

கன்னடக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுத் தமிழ் அவருக்கு வந்தது.

"இந்தப் போராட்டத்த நீங்க எப்படிச் சொல்வீங்கம்மா?"

"நெருப்பும் இல்லீங்க, வெள்ளமும் இல்லீங்க. கெணத்துல தண்ணி வத்திட்டா மோட்டார நிறுத்திட்டு, ஊறட்டும்னு குந்தியிருப்போமில்லீங்க. வண்டிய நிறுத்திட்டு எங்கூட்டுக்காரரும் அப்படித்தான் குந்தியிருந்தாரு."

நோட்டில் எழுதிக்கொண்டார். "அவர் பேரு? கவிதையில வெக்கறேன்."

அதற்குத்தானே வந்தேன். ஆனால் புருஷன் பேரை வாயால் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. எனக்காகச் சொல்ல ஊர் ஆள் ஒருவரும் அங்கே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். கவிஞர் நோட்டில் 'ஓர் உழவர்' என்று போட்டுக்கொண்டார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். எங்கள் கிணறு ஊறியிருந்தது. மோட்டாரை நானே போட்டேன்.

சொல்லத்தானே கூடாது, எழுதலாமே என்று இத்தனை வருஷம் கழித்துத் தோன்றுகிறது. அவர் பேர் சின்னப்பன்.

பேத்தி செல்வியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இதை மொதல்ல இருந்து படி. அந்தப் பேரு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா."